பீரோ மேல் இருக்கும் ஹெல்மெட்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது?

போன வாரம் வீடியோ காலில் பீரோ மேல் இருந்த ஹெல்மெட்டைப் பார்த்துவிட்டு "அது ஏதுடா, தாங்குமா?" என்று கேட்டீர்கள். அதற்குள் லைன் போய்விட்டது. பட்டாளத்தில் இருந்தவருக்கு அரைகுறை பதில் சொல்ல முடியாது, அதனால் விலாவாரியாகவே எழுதுகிறேன்.

அது டென்மார்க் ராணுவத்துடையது. இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் 'லோப்பமார்கெட்' என்று பழைய சாமான் சந்தை போடுவார்கள். பீங்கான் தட்டு, குழந்தைகள் சைக்கிள், பழைய விளக்கு, எல்லாம் வரும். நான் இருக்கும் ஆல்போர்க் ஊரில் ராணுவ முகாம் இருப்பதால் பட்டாளத்துச் சாமானும் கண்ணில் படும். ராணுவப் பொருளுக்கு 'எம்' என்ற எழுத்தும் ஆண்டும் சேர்த்துப் பெயர் வைப்பது இவர்கள் வழக்கம். எம்/23 இரும்புத் தொப்பி, நெற்றியில் அரசு முத்திரை பதித்தது. 1940 ஏப்ரல் 9 அன்று ஜெர்மானியர் உள்ளே வந்தபோது இந்த நாட்டுச் சிப்பாய்கள் போட்டிருந்தது அதைத்தான். என் சம்பளத்துக்கு அது எட்டாது. அப்புறம் எம்/48, அமெரிக்கப் பட்டாளத்தின் எம்1 இரும்புத் தொப்பி மாதிரி. அதற்கும் பிறகு, இரும்பை விட்டு நாரும் பிசினும் சேர்த்து அழுத்திச் செய்த எம்/96. நான் சேர்ப்பது இந்த எம்/96 ரகத்தைத்தான்.

வடிவத்தைப் பார்த்து மட்டும் வாங்கக் கூடாது. பொம்மைத் துப்பாக்கியோடு போர் விளையாட்டு ஆடுகிறவர்களுக்காகச் செய்த பிளாஸ்டிக் நகல்கள் நிறைய உலவுகின்றன, தூரத்தில் அசல் போலவே இருக்கும். கையில் எடுத்ததும் முதலில் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பேன். பெயின்ட்டுக்கு அடியில் துணியின் நெசவு மேடு பள்ளமாகத் தெரிய வேண்டும். விளிம்பு ரப்பர் எங்காவது விட்டிருந்தால் இன்னும் நல்லது, அடுக்கு அடுக்காகத் துணி தெரியும். பிறகு லேபிள். நேட்டோ நாடுகளின் சாமான்களுக்கு 13 இலக்க எண் உண்டு. முதல் நான்கு 8470 என்றிருந்தால் உடல் காப்புப் பொருள். அடுத்த இரண்டு, எண் கொடுத்த நாடு: 22 டென்மார்க், 12 ஜெர்மனி, 14 பிரான்ஸ். ஆனால் வேறு நாட்டில் எண் பெற்ற சாமானை டென்மார்க்கும் வாங்கிப் பயன்படுத்தும். அதனால் 22 இல்லை என்பதற்காகவே ஒன்றை ஒதுக்கிவிட முடியாது.

மேலே மாட்டும் துணி உறையும் காலத்தைச் சொல்லும். எம்/84 உறையில் மூன்று நிறப் புள்ளிகள்தான், அதே போலத் தோன்றும் ஜெர்மன் துணியில் ஐந்து. மணல் நிறத்தில் இருந்தால் பாலைவனப் பணிக்கானது. என்றாலும் உறையை நம்பி வாங்குவது, சட்டையைப் பார்த்து ஆளைப் பட்டாளத்தில் சேர்த்த கதைதான். எந்த ஹெல்மெட்டிலும் எந்த உறையையும் மாட்டிவிடலாம், வியாபாரிகள் மாட்டுகிறார்கள்.

இனி, தாங்குமா என்ற உங்கள் கேள்வி. எங்கள் காற்றாலை இறக்கைத் தொழிற்சாலையிலும் நாரும் பிசினும்தான் வேலை. அங்கே கண்ணாடி நார். ஓர் அடுக்கு இன்னொன்றிலிருந்து பிரிந்துவிட்டால் அது குறை, பிரிந்த இடத்தை வெட்டியெடுத்துத் திரும்ப ஒட்ட வேண்டும். ஹெல்மெட்டில் கணக்கே தலைகீழ். இதில் அராமிட் நார், கெவ்லார் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பிசினை வேண்டுமென்றே குறைவாக விடுகிறார்கள். வெடித்த குண்டின் சில்லு வந்து பட்டதும் அடுக்குகள் பிரிய வேண்டும், நார்கள் இழுபட வேண்டும், அதில்தான் அடியின் வேகம் செலவாகிறது. சோதனையும் பெரும்பாலும் குண்டுச் சில்லுக்குத்தான். 1.1 கிராம் எஃகுத் துண்டுகளைச் சுட்டு, அவற்றில் பாதி தடுக்கப்பட்டு மீதிப் பாதி துளைத்துப் போகும் வேகம் எது என்று பார்ப்பார்கள். துப்பாக்கித் தோட்டா நேராக வந்தால் வேறு கதை. ஒரு தடவை பலமாக அடி வாங்கியதை வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் நம்பக் கூடாது, உள்ளே பிரிந்திருக்கலாம். வெயிலும் அராமிட்டுக்கு ஆகாது. அதனால்தான் ஜன்னலை விட்டுத் தள்ளி பீரோ மேல் வைத்திருக்கிறேன், அலங்காரத்துக்கு இல்லை.

இங்கே செப்டம்பர் 5, வெளிநாட்டுப் பணிக்குப் போன வீரர்களுக்கான கொடி நாள். ஆப்கானிஸ்தானில் மட்டும் இந்தச் சின்ன நாடு நாற்பதுக்கும் மேற்பட்ட வீரர்களை இழந்தது. அதனால், உள்ளே பெயர் எழுதியிருக்கும் ஹெல்மெட்டை நான் வாங்குவதில்லை. அந்தப் பெயருக்கு உரியவர் இதே ஊரில் இருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம்.

ஒன்றை அனுப்பச் சொல்வீர்கள் என்று தெரியும். முடியாது அப்பா. ராணுவத் தரத்தில் செய்த ஹெல்மெட் ஐரோப்பிய ஒன்றியத்தின் ராணுவப் பொருள் பட்டியலில் இருக்கிறது, உரிமம் இல்லாமல் வெளியே அனுப்பக் கூடாது. போட்டோ அனுப்புகிறேன், பெரியப்பாவுக்கும் காட்டுங்கள்.

நீங்கள் காஷ்மீரில் தலையில் கட்டியிருந்த பட்கா என்ற குண்டு துளைக்காத தலைக்காப்பைப் பற்றி எனக்கு எழுதுங்கள். நெற்றிக்கும் பிடரிக்கும் மட்டும்தான் தகடு, கழுத்தே ஒடிந்துவிடும் என்று சொல்லியிருக்கிறீர்கள். தகட்டை உள்ளே எப்படிச் செருகியிருந்தார்கள், நாடாவை எங்கே முடிச்சுப் போடுவீர்கள் என்று ஒரு படம் வரைந்து அனுப்பினால் போதும். அம்மாவுக்கு மாத்திரைப் பணம் வெள்ளிக்கிழமை போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் மகன்