ஐரிஸின் புல்லி இதழ் பச்சை இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் கல்வி இணைப்பில் கம்ப்யூட்டர் எப்படிப் பூக்களை வகை பிரிக்கிறது என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. ஐரிஸ் பூவை வைத்து நன்றாகத்தான் விளக்கியிருந்தார்கள். ஆனால் 'பூவுக்கு அடியில் உள்ள பச்சைப் புல்லி இதழின் நீளம்' என்று ஒரு வரி, பக்கத்தில் ஒரு லில்லிப் பூவின் படம். முப்பது வருஷம் தாவரவியல் நடத்தியவனுக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

செம்பருத்தியில் புல்லி பச்சைதான், சரி. ஐரிஸில் அப்படி இல்லை. நீலமாகவோ ஊதாவாகவோ வெளிப்பக்கம் வளைந்து தொங்கி, முதலில் கண்ணில் படுகிற மூன்று பெரிய இதழ்கள் இருக்கின்றனவே, அவைதான் புல்லி. தேனீ வந்து உட்காரும் திண்ணை அது. உள்ளே இருக்கும் மூன்றுதான் அல்லி. அதற்கும் நடுவில் சூலகத்தண்டு மூன்றாகப் பிரிந்து அதுவும் இதழ் வேஷம் போட்டு நிற்கும், மகரந்தத்தாள்கள் அதன் அடியில் ஒளிந்திருக்கும். ஐரிஸுக்கு மகரந்தத்தாள் மூன்று, லில்லிக்கு ஆறு. உங்கள் படத்தில் ஆறு எண்ணினேன்! (குங்குமப்பூவும் கிளாடியோலஸும் ஐரிஸ் குடும்பம்தான், அவற்றிலும் மூன்றே.)

இந்தப் பேரினத்தில் சுமார் 300 சிற்றினங்கள். இஞ்சி மாதிரி தரைக்கடியில் படரும் தண்டு உள்ளவை, வெங்காயம் மாதிரி குமிழ் உள்ளவை என்று முதலில் பிரிப்பார்கள். அப்புறம் தொங்கும் இதழைப் பார்ப்பார்கள்: தாடி போல மயிர் இருக்கிறதா, சேவல் கொண்டை மாதிரி மேடு இருக்கிறதா, இரண்டும் இல்லையா என்று. கட்டுரையில் வரும் செட்டோசா, வெர்சிகலர், விர்ஜினிகா என்ற மூன்று ஐரிஸ் சிற்றினங்களும் தாடி இல்லாத கூட்டம்.

புள்ளியியல் அறிஞர் ரொனால்ட் ஃபிஷர் 1936-இல் தன் கட்டுரையில் வெளியிட்ட பட்டியல், வகைக்கு 50 என்று 150 பூ, ஒவ்வொன்றுக்கும் புல்லி, அல்லி இரண்டின் நீளமும் அகலமும், எல்லாம் சரி. ஆனால் பூக்களை அளந்த தாவரவியலாளர் எட்கர் ஆண்டர்சன் பெயரையே காணோம். கனடாவின் காஸ்பே தீபகற்பத்தில் ஒரே மேய்ச்சல் நிலத்தில் ஒரே நாளில் செட்டோசாவையும் வெர்சிகலரையும் பறித்து அளந்தவர் அவர். மற்ற இரண்டும் கலந்து பிறந்ததுதான் வெர்சிகலர் என்பது அவருடைய சந்தேகம். செட்டோசாவுக்குக் குரோமோசோம் 38, விர்ஜினிகாவுக்குச் சுமார் 70, வெர்சிகலருக்கு 108. கூட்டிப் பாருங்கள். அளவுகளும் அதற்கு ஒத்துவருகின்றனவா என்று ஃபிஷர் தன்னுடைய அந்த 1936 கட்டுரையிலேயே பார்த்திருக்கிறார். இவ்வளவு சுவையான சங்கதியை விட்டுவிட்டு வெறும் எண்ணை மட்டும் கொடுத்தால் எப்படி?

என் பேத்தி கல்லூரியில் இதே பட்டியலை வைத்துத்தான் புரோகிராம் எழுதினாள். பூ எப்படி இருக்கும் என்று கேட்டேன். "நாலு நம்பர், தாத்தா" என்கிறாள். பூவைப் பார்த்திருந்தால் செட்டோசாவைப் பிரிக்க ஒரு ஸ்கேலே போதும் என்று புரிந்திருக்கும். அதன் அல்லி முள்மயிர் மாதிரி சுருங்கிக் கிடக்கும், பெயருக்கு அர்த்தமே அதுதான். அந்தப் பட்டியலில் செட்டோசாவின் அல்லி நீளம் ஒன்றுகூட 2 செ.மீ.யைத் தொடவில்லை, மற்ற இரண்டிலும் 3 செ.மீ.க்குக் குறைந்து ஒன்றுமில்லை. கம்ப்யூட்டருக்கு நிஜமான வேலை அந்த இரண்டையும் பிரிப்பதில்தான்.

திருத்தம் போடும்போது லில்லிக்குப் பதில் செட்டோசாவின் படத்தையே போடுங்கள். அல்லி எங்கே என்று பிள்ளைகள் கொஞ்சம் தேடட்டும்.

— ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர், திருநெல்வேலி