இருப்பு 1,400 மில்லி: ஒரு கணக்கப்பிள்ளையின் நன்றி மடல்

பள்ளத்தூர்,
சித்திரை மாதம்.

என்னைக் காப்பாற்றியவர்களுக்கும், அவர்களுக்கு நான் பட்டிருக்கும் கடனைத் தெரிந்துகொள்ள வேண்டிய என் ஊராருக்கும் வணக்கம்.

காரைக்குடி கல்லுக்கட்டியில் ஒரு பாத்திரக் கடையில் 34 ஆண்டுகள் கணக்கு எழுதியவன் நான். வயது 69. ஓய்வுக்குப் பிறகு, சென்னைக்குக் குடிபோய்விட்ட ஒரு குடும்பத்தாரின் பெரிய வீட்டைப் பார்த்துக்கொண்டு, அதன் இரண்டாங்கட்டில் மனைவியோடு இருக்கிறேன். அறுவைச் சிகிச்சை முடிந்து நடமாடத் தொடங்கியதும் உதவியவர்களை ஒவ்வொருவராக வீடு தேடிப் போய்க் கைகூப்பிவிட்டு வரலாம் என்று புறப்பட்டேன். போன இடமெல்லாம் “உடம்புக்கு என்ன செய்தது?” என்று கேட்டார்கள்; நானும் குரலைத் தாழ்த்தி “சின்ன ஆபரேஷன்தான்” என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்றாவது வீட்டுப் படியிறங்கும்போதுதான், என் நோயை இரண்டு ஆண்டுகள் சோறு போட்டு வளர்த்தது இந்தத் தாழ்ந்த குரல்தான் என்பது உறைத்தது. ஆகவே எனக்கு வந்தது சிறுநீர் அடைப்பு என்று எல்லோரும் படிக்கும்படி எழுதியே நன்றி சொல்லுகிறேன்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிட வேண்டும். நாங்கள் இருக்கும் வீடு ஒரு தெருவில் முகப்பும் மறு தெருவில் கொல்லைவாசலுமாக நீண்டு கிடப்பது. கழிப்பறை கடைசிக் கட்டுக்கும் அப்பால், கிணற்றடிக்குப் பக்கத்தில். இரவில் ஒரு முறை எழுந்தவன் இரண்டு, மூன்று, ஐந்து என்று எழுந்து அந்த நீளம் முழுக்க நடக்கத் தொடங்கினேன். நின்றால் உடனே வராது. சுவரைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். வந்தாலும் நூல் போல வந்து, விட்டு விட்டுச் சொட்டும். முடித்துத் திரும்பி, வளவு என்னும் நடுமுற்றத்தைத் தாண்டுவதற்குள் இன்னும் இருப்பதுபோலத் தோன்றும். இதையெல்லாம் வயதின் பற்றுக் கணக்கில் எழுதிவிட்டேன். கடைசி நான்கைந்து மாதங்களில் தூக்கத்தில் எனக்குத் தெரியாமலேயே வேட்டி நனைந்தது. விடியுமுன் எழுந்து, வாளிச் சத்தம் கேட்காமல், கிணற்றடியில் நானே அலசிக் கொடியில் போட்டுவிடுவேன். இடையில் ஒரு மருத்துவரிடம் சர்க்கரை பார்க்கப் போனபோது “ராத்திரி ரெண்டு மூணு தடவை எழுந்திருக்கிறேன்” என்று பாதியைச் சொன்னேன். வேட்டி நனைவதைச் சொல்லவில்லை. வயதானால் அப்படித்தான் என்றார். பாதிக் கணக்கைக் காட்டினால் எந்தத் தணிக்கையாளர்தான் பிழையைக் கண்டுபிடிப்பார்?

தை மாதப் பனியில் எனக்குச் சளி பிடித்தது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சளி மாத்திரையை மூன்று நாள் விழுங்கினேன். மூன்றாம் நாள் மூக்கு நன்றாகத் திறந்துகொண்டது; அன்று இரவு பத்து மணிக்குமேல் ஒரு சொட்டு நீர் இறங்கவில்லை. என் மனைவி சூடுதான் என்று நினைத்து வாழைத்தண்டுச் சாறு கொடுத்தாள். பிறகு பார்லித் தண்ணீர். பிறகு நெருஞ்சில் கஷாயம். கொடுத்ததையெல்லாம் குடித்தேன். நள்ளிரவு தாண்டியதும் அடிவயிறு தொப்புளுக்குக் கீழே தேங்காய் வைத்ததுபோல் எழும்பிக் கல்லாக இறுகியது. உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. பட்டாலைத் தூண்களைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

இந்த இடத்தில் என் முதல் நன்றி பக்கத்து வீட்டு ஆச்சிக்கு உரியது. சத்தம் கேட்டு இரவு இரண்டு மணிக்கு விளக்கோடு வந்தவர், கையில் அடுத்த குவளையோடு நின்ற என் மனைவியைத் தடுத்து, “கொடம் நெறஞ்சு கெடக்கு, வாயில அடைப்பு. மேல மேல ஊத்துனா என்ன ஆகும்? தண்ணி குடுக்காதீக, ஆட்டோவக் கூப்புடுங்க” என்றார். அவர் வீட்டுச் செட்டியாருக்கு முன்பு இதே பாடு வந்ததை அன்றுதான் எங்களிடம் சொன்னார். அடுத்தடுத்த வீட்டில் இத்தனை ஆண்டுகள் இருந்தும் இரு வீட்டாரும் இதை மறைத்தே வாழ்ந்திருக்கிறோம். நீர் சுருக்கென்று எரிந்து போகும் கடுப்புக்கும், நீரே இறங்காத அடைப்புக்கும் உள்ள வேறுபாட்டை எனக்கு முதலில் கற்பித்தவர் அந்த ஆச்சிதான்.

ஆட்டோ ஓட்டும் தம்பிக்கு அடுத்த நன்றி. கோட்டையூர் வழியாகக் காரைக்குடி போகும் அந்தச் சாலையில் எத்தனை வேகத்தடைகள் உண்டென்று என் அடிவயிறு சரியாகச் சொல்லும். ஒவ்வொன்றுக்கும் முன்னால் வண்டியை ஏறத்தாழ நிறுத்தி, “ஐயா, பிடிச்சுக்கங்க” என்று எச்சரித்துவிட்டு ஏற்றி இறக்கினார். வாடகையை இன்றுவரை வாங்கவில்லை.

மருத்துவமனையில் அவசரப் பிரிவுச் செவிலியர் அம்மா என்னிடம் கேட்ட கேள்விகளை மறக்க மாட்டேன். கடைசியாக எப்போது போனீர்கள், கால் மரத்துப் போகிறதா, மலச்சிக்கல் உண்டா, வேறு என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள், தூக்கத்தில் நனைகிறதா? வயிற்று வலிக்கு மருந்து கேட்பதுபோல அத்தனை இயல்பாகக் கேட்டார். தூக்கத்தில் நனைகிறதா என்ற கேள்விக்கு நான் “ஆமாம்” என்றபோது என் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரியும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

பணியில் இருந்த இளம் மருத்துவர் மரப்பு மருந்து கலந்த களிம்பைச் செலுத்தி, சில நிமிடம் காத்திருந்து, ஃபோலி குழாய் எனப்படும் மெல்லிய குழாயை உள்ளே விட்டார். 16ஆம் எண் குழாய். எண்ணை மூன்றால் வகுத்தால் மில்லிமீட்டரில் அதன் பருமன் வரும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன், ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்று மேல். உள்ளே போனதும் அதன் நுனியில் உள்ள சிறு பலூனில் 10 மில்லி தண்ணீரை ஏற்றிவிடுகிறார்கள்; குழாய் நழுவாமல் நிற்பது அதனால்தான். இவ்வளவு எழுதுவதற்குக் காரணம் உண்டு. குழாய் என்ற சொல்லுக்குப் பயந்தே பலர் வலியோடு வீட்டில் கிடக்கிறார்கள். குழாய் உள்ளே போகும்போது ஓர் எரிச்சல் இருந்தது, மறுக்கவில்லை. அதன் மறுமுனையில் நீர் இறங்கத் தொடங்கியபோது நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். வலி தீர்ந்து அழுதது என் வாழ்நாளில் அந்த ஒரு முறைதான்.

குழாயோடு மாட்டிய பையில் சேர்ந்ததை அளந்து செவிலியர் அம்மா சொன்ன எண் 1,400 மில்லி. அதைக் கேட்டதும் மருத்துவரின் முகம் மாறியது. சாதாரணமாக ஒருவருடைய சிறுநீர்ப்பை 400 முதல் 600 மில்லி வரைதான் கொள்ளும். ஓர் இரவில் அடைபட்ட பை இவ்வளவு கொள்ளாது, பல மாதங்களாகத் தேங்கித் தேங்கி விரிந்த பைதான் கொள்ளும் என்று அவர் விளக்கியபோது என் இரண்டு ஆண்டுப் பொய்க்கணக்கு வெளிப்பட்டது. நான் ஒவ்வொரு முறையும் போய்விட்டு வந்ததாக நினைத்தது மேலே வழிந்த செலவு மட்டுமே. உள்ளே இருப்பு ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. வேட்டி நனைந்ததும் அந்த நிரம்பிய பையின் வழிசல்தான்.

மறுநாள் வந்த சிறுநீரக மருத்துவ நிபுணர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டிப் பொறுமையாகச் சொன்னதை என் மொழியில் எழுதுகிறேன். ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையின் வாய்க்குக் கீழே, நீர்ப்பாதையைச் சுற்றி, புராஸ்டேட் என்ற சுரப்பி இருக்கிறது. வாலிபத்தில் 20 கிராம் அளவில் இருப்பது வயதேற ஏறப் பருக்கும். எனக்கு 64 கிராம். அது பாதையை நெருக்கும்போது பை தன் தசையைத் தடிப்பாக்கிக்கொண்டு முக்கித் தள்ளும். நாளாவட்டத்தில் களைத்துப்போய் முழுதும் காலியாக்குவதை விட்டுவிடும். தேங்கிய நீரின் அழுத்தம் மேலே ஏறி இரண்டு சிறுநீரகங்களையும் வீங்க வைக்கும். சிறுநீரகம் வடித்து வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் என் இரத்தத்தில் 3.1 இருந்தது; ஏறக்குறைய 1.2க்குள் இருக்க வேண்டியது. இதில் ஒரு கொடுமை என்னவென்றால், இவ்வளவும் வலியில்லாமல் நடக்கும். அன்றிரவு முழு அடைப்பு வந்து வலித்திருக்காவிட்டால், இன்னும் சில மாதங்களில் கால் வீங்கி, பசியற்று, வாந்தியோடு வந்து நின்றிருப்பேன் என்றார்.

அந்தக் கடைசி அடைப்பைக் கொடுத்தது சளி மாத்திரைதான். மூக்கொழுகலை உலர்த்தும் மருந்து சிறுநீர்ப்பையின் சுருங்கும் வலிமையைக் குறைக்கிறது. மூக்கடைப்பைத் திறக்கும் மருந்தோ பையின் கழுத்துத் தசையை இறுக்குகிறது. இரண்டும் ஒரே மாத்திரையில் இருந்தன. மூக்கடைப்பைத் திறந்துவிட்டு நீரடைப்பைக் கொடுத்துவிட்டது. மருந்துக் கடைக்காரரை நோகமாட்டேன். என் சிறுநீர்ச் சிக்கலை நான் அவரிடம் சொல்லவில்லை.

நெடுநாள் தேங்கியது திறந்துவிட்டால் சிறுநீரகங்கள் உடனே அடங்குவதில்லை, உப்பையும் நீரையும் கட்டுக்கடங்காமல் வெளியேற்றும் என்பதை அடுத்த இரு நாட்களில் கண்டேன். முதல் 24 மணி நேரத்தில் 5,200 மில்லி, அடுத்த நாள் 3,800. மணிக்கொரு முறை அளந்து, இரத்த அழுத்தம் பார்த்து, உப்புச் சத்தை இரத்தத்தில் சோதித்தார்கள். வெளியேறுவதற்கெல்லாம் சரிக்குச் சரி குளுக்கோஸ் பாட்டிலில் ஈடு கட்டினால் போக்கு நிற்காது, பாதி அளவு போதும் என்று மருத்துவர் உத்தரவிட்டிருந்தார். கட்டில் முனையில் தொங்கிய அட்டையில் உள்ளே போனது ஒரு பத்தி, வெளியே வந்தது ஒரு பத்தி. இரவுப் பணிச் செவிலியர் எழுதிய கூட்டல் ஒன்றில் 100 மில்லி பிசகியிருந்ததை நான் சுட்டிக் காட்டியபோது சிரித்து, திருத்தி, அன்று முதல் கூட்டலை என்னிடமே விட்டுவிட்டார். பயந்து கிடந்த கிழவனுக்குப் பழைய வேலையைத் திருப்பிக் கொடுத்த அந்தப் பெண்ணுக்கு இரட்டிப்பு நன்றி. அந்தப் பையை ஒவ்வொரு முறையும் முகம் சுளிக்காமல் காலிசெய்து கழுவிய தூய்மைப் பணியாளர் அம்மாவுக்கு என்ன சொல்லி நன்றி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொள்ள மட்டுமே முடிந்தது.

இது ஆண்களுக்கு மட்டும் வருவதென்று நினைத்திருந்தேன். பிரசவத்துக்குப் பிறகு நீர் பிரியாமல் ஒன்றிரண்டு நாள் குழாயோடு இருக்கும் தாய்மார்கள் உண்டு என்று செவிலியர் சொன்னார். எனக்கு அடுத்த கட்டிலில் இருந்த தேவகோட்டைக்காரருக்குப் புராஸ்டேட் வீக்கமே இல்லை. நெடுங்காலச் சர்க்கரை நோய் நரம்பைக் கெடுத்ததால் பை நிறைந்ததே அவருக்குத் தெரிவதில்லை. நாளொன்றுக்கு நான்கு முறை தாமே சிறு குழாயைச் செலுத்தி நீரை வடித்துக்கொள்ள அவருக்குக் கற்பித்தார்கள். மூன்றாம் நாள் அவர் அதை முகச்சவரம் செய்வதுபோலச் செய்தார். முதுகுவலியோடு தொடையிடுக்கு மரத்து நீரும் நின்றால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது, அது முதுகுத்தண்டு நரம்பின் நெருக்கடி என்று மருத்துவர் அவரிடம் சொன்னதும் என் காதில் விழுந்தது, படிக்கிறவர்களுக்கும் சேரட்டும்.

சிறுநீரகம் வரை பாதித்துவிட்டதால் எனக்குக் குழாயை எடுத்துப் பார்க்கும் சோதனையே வேண்டாம், அறுவைச் சிகிச்சைவரை இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். புற்று உண்டா என்று பார்க்கும் இரத்தச் சோதனையையும், அடைப்பும் குழாயும் இருக்கும் நேரத்தில் அளவு பொய்யாக ஏறிக் காட்டும் என்று தள்ளிவைத்தே செய்தார்கள், அதில் கோளாறு ஏதும் இல்லை என்று வந்தது. ஆறு வாரம் குழாயும் நீர் சேரும் பையுமாக வீட்டில் இருந்தேன். பை எப்போதும் அடிவயிற்றுக்குக் கீழே தொங்க வேண்டும், மேலே தூக்கினால் நீர் திரும்பி ஓடித் தொற்று வரும். என் மகள் ஒரு கல்யாண மஞ்சள் பையைக் கொடுத்து அதற்குள் இதை வைக்கச் சொன்னாள். முழங்கால் உயரத்தில் மஞ்சள் பையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் செட்டிநாட்டில் எவன் திரும்பிப் பார்க்கப் போகிறான்? டீக்கடைக்காரத் தம்பிக்கு மட்டும் தெரிந்திருந்தது. பையைத் தொங்கவிட வசதியாக ஓரத்து நாற்காலியை எனக்கென்று ஒழித்து வைத்தார், ஒரு வார்த்தை கேட்காமல்.

பங்குனியில் முதுகில் ஊசி போட்டு, வெளியே கீறாமல், நீர்ப்பாதை வழியாகவே கருவியைச் செலுத்திச் சுரப்பியைச் சுரண்டி எடுத்தார்கள். இரண்டு நாள் சிவப்பாகப் போனது, உப்புநீர் ஓடவிட்டுக் கழுவினார்கள், மூன்றாம் நாள் குழாயை எடுத்தார்கள். அன்று மாலை நானாக நின்று போய்விட்டு வந்ததும் ஸ்கேன் கருவியை அடிவயிற்றில் வைத்துப் பார்த்த செவிலியர், “இருப்பு 60” என்றார். கிரியேட்டினின் இப்போது 1.5ல் நிற்கிறது. மீதி இறங்காமல் போகலாம் என்றும், மூட்டுவலிக்கு வலி மாத்திரை இனி வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். நான் தாமதித்ததற்கு நான் கட்டும் வட்டி அது.

என் மனைவிக்குக் கடைசியில் எழுத நினைத்து வைத்திருந்தேன். நான் அலசிக் காயப்போட்ட வேட்டிகளை, ஊர் எழுமுன் கொடியிலிருந்து எடுத்து மீண்டும் சோப்புப் போட்டுத் துவைத்தே மடித்து வைத்திருக்கிறாள். அத்தனை மாதமும் ஒரு சொல் கேட்கவில்லை. நான் கூச்சப்படுவேன் என்று அவள் பேசவில்லை, அவள் வருந்துவாள் என்று நான் பேசவில்லை. இப்போது இரவில் எழுந்தால் “எத்தனாவது?” என்று தூக்கத்திலேயே கேட்கிறாள்; “ரெண்டு” என்று பதில் சொல்லிவிட்டுப் போகிறேன்.

மருத்துவமனையில் இருந்த நாட்களில் கஞ்சி கொண்டுவந்த மூன்று தூக்குவாளிகள் எங்கள் வீட்டில் தங்கிவிட்டன. ஒன்று பக்கத்து வீட்டு ஆச்சியுடையது. மற்ற இரண்டும் யாருடையவை என்று தெரியவில்லை. ஒன்றின் மூடியில் “மெ” என்று வெட்டியிருக்கிறது. உரியவர்கள் ஒரு நடை வந்து வாங்கிக்கொள்ள வேண்டுகிறேன். வந்தால் என்ன வியாதி என்று தாராளமாகக் கேட்கலாம்.

நன்றியுடன்,
இரண்டாங்கட்டுக் கணக்கப்பிள்ளை