கிணற்றடியில் நடக்கவேண்டிய விஞ்ஞான பாடம்

ஆசிரியருக்கு,

உலக சுற்றாடல் தினம் ஜூன் 5. யாழ்ப்பாணத்தில் அது கொளுத்தும் கோடை. எந்தத் தோட்டக்காரரைக் கேட்டாலும், மாரி தொடங்கட்டும், அப்புறம் நடலாம் என்பார். நாங்களோ அன்றைக்கே பாடசாலை வளவில் கன்று நட்டுப் படமும் எடுத்துவிடுகிறோம். ஆடி முடியுமுன் பாதி கருகிவிடுகிறது. வேலிக்கு அந்தப்பக்கம் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டு நின்றவரை ஒருவரும் கேட்கவில்லை.

ஊரவரைப் பாடசாலைக்கு அழைப்பதே இல்லை என்றும் சொல்லமுடியாது. மதில் கட்டக் காசு வேண்டுமென்றால் அழைக்கிறோம். விளையாட்டுப் போட்டிக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துகிறோம். விஞ்ஞான பாடத்துக்கு மட்டும் அவர்கள் தேவைப்படவில்லை.

குடாநாட்டில் அந்தப் பாடத்துக்குக் கிணற்றடியைவிட நல்ல ஆய்வுகூடம் கிடையாது. மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் மட்டம் ஒரு அடி இறங்கினால், கணக்குப்படி கீழேயுள்ள உப்புநீர் ஏறத்தாழ 40 அடி மேலேறலாம். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர் என்று சுற்றுலா போய்ப் பார்த்த பிள்ளைக்கு, நம் வீட்டுக் கிணற்றுக்கும் இந்தக் கதைதான் என்று யாரும் சொல்வதில்லை. எந்தக் கிணறு எந்த மாதம் சவராகும், எவ்வளவு நேரம் இறைத்தால் சுவை மாறும் என்பதெல்லாம் தோட்டம் செய்கிறவரின் நாக்குக்குத் தெரியும். ஆனால் அவர் போடும் யூரியா நைத்திரேற்றாகி அதே தண்ணீரில் இறங்குவது எந்த நாக்குக்கும் தெரியாது; அதற்குச் சுவையும் இல்லை, நிறமும் இல்லை. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. இதைப் பிள்ளைகள் அளந்து அவருக்குச் சொல்லலாமே.

தரம் 9 வகுப்பு ஒன்று சுற்றுவட்டாரத்துக் கிணறுகள் சிலவற்றை மாதம் ஒருமுறை அளக்கட்டும்: கயிறு விட்டு நீர்மட்டம், சிறு மானியால் உவர்த்தன்மை, சோதனைத் தாளால் நைத்திரேற்று. முடிவைக் கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் பிள்ளைகளே வாசிக்கட்டும். ஆனால் ஒன்று, தன் கிணற்றுத் தண்ணீர் கெட்டது என்று ஊர் அறிவதை எவரும் விரும்பமாட்டார். காணி விலையும் இருக்கிறதல்லவா. கூட்டத்தில் பெயர் வேண்டாம், இலக்கம் போதும். வீட்டுக்காரருக்குத் தனியே சொல்லிவிடலாம்.

ரியூசனுக்கே நேரம் காணாது, இதற்கு யார் மினக்கெடுவது என்று பெற்றோர் முணுமுணுப்பார்கள். சரி, நானும் பெற்றோர்தான். அதனால்தான் வலயக் கல்விப் பணிமனைகளிடம் கேட்கிறேன்: இதைப் பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்கு ஓர் ஒப்படையாக ஏற்றுப் புள்ளி கொடுங்கள். புரட்டாதியில் தொடங்கினால் மாரிக்கு முன்னும் பின்னுமான அளவுகள் தை மாதத்துக்குள் கைக்கு வந்துவிடும்.

இப்படிக்கு,
ஒரு பெற்றோர்,
கோப்பாய்.