ப்ளூசியோஸ்: மகளுக்கு ஒரு பதில்

அன்புள்ள மகளுக்கு,

வாட்ஸ்அப்பில் பதில் எழுத ஆரம்பித்தேன், நீண்டுகொண்டே போனதால் மெயிலாக அனுப்புகிறேன். ஊசிக்காதில் ஒட்டகம் நுழைவதைச் சொல்லும் மாற்கு 10:25-இன் கிரேக்க மூலத்தில், பணக்காரன் என்ற இடத்தில் ப்ளூசியோன் என்று வருகிறதே, இது அஃறிணையா என்று கேட்டிருந்தாய். இல்லை. ஆண்பாலுக்கு ப்ளூசியோஸ், பெண்பாலுக்கு ப்ளூசியா, அஃறிணைக்கு ப்ளூசியோன், அதுவரை நீ படித்தது சரிதான், ஆனால் ஆண்பால் இரண்டாம் வேற்றுமையும் ப்ளூசியோன் என்றுதான் முடியும். 'நுழைவது' என்கிற மாதிரி வினை வந்தால் நுழைகிறவனைக் கிரேக்கர் இரண்டாம் வேற்றுமையில்தான் வைப்பார்கள், அந்த வசனத்தில் ஒட்டகமும் காமேலோன் என்று அப்படியே நிற்பதைப் பார். ஆக, அங்கே இருப்பவன் ஒரு பணக்காரன்தான்.

அப்புறம் லூக்கா 16, பணக்காரனும் லாசருவும் கதை. 19-ஆம் வசனத்தில் இது வெறும் பெயரடை, 'ஒரு மனுஷன் ப்ளூசியோஸாக இருந்தான்', அவ்வளவே. 22-இல் அதன் முன்னால் 'ஹோ' என்ற சுட்டு (ஆங்கில 'the' மாதிரி) வந்ததும் அதுவே பெயராகிவிடுகிறது. நமக்கு 'நல்ல' என்பது தனியாக நிற்காது, 'நல்லவன்' என்று விகுதி வேண்டும், அவர்களுக்கு ஒரு ஹோ போதும். அந்த ஆளுக்குக் கதை முழுக்க வேறு பெயரே கிடையாது, வாசலில் கிடந்த பிச்சைக்காரனுக்குத்தான் லாசரு என்று பெயர். எனக்குப் பிடித்த இடம் இது.

லாசருவைச் சொல்லும் ப்டோகோஸ் என்ற சொல்லையும் சேர்த்துப் படி. உழைத்து அன்றாடம் பிழைக்கிறவன் பெனேஸ், கையில் ஒன்றுமே இல்லாதவன் ப்டோகோஸ். கி.மு. 388-இல் கிரேக்க நாடகாசிரியர் அரிஸ்டோபனீஸ் போட்ட 'ப்ளூடோஸ்' நாடகத்தில் வறுமையே மேடையேறி வந்து இந்த வித்தியாசத்தைச் சண்டை போட்டுச் சொல்கிறது. ப்ளூடோஸ் என்றால் செல்வம், நம்ம ப்ளூசியோஸ் அதிலிருந்து வந்ததுதான், நாடகத்தில் ப்ளூடோஸ் கண் தெரியாத தெய்வம்.

சரி, இனி உன் வேலை. 2 கொரிந்தியர் 8:9-இல் இயேசுவைப் பற்றி 'ப்ளூசியோஸ் ஓன்' என்று வரும், 'ஓன்' என்றால் 'இருக்கிறவராக', அவ்வளவுதான். நம் வேதாகமம் 'ஐசுவரியமுள்ளவராயிருந்தும்' என்கிறது. அந்த 'உம்' கிரேக்கத்தில் எந்தச் சொல்லிலும் இல்லை, அதற்கு முன்னால் நிற்கும் வினையைப் பார்த்து நாம் போட்டது. அந்த வினையை நீயே பிரித்து எழுதி அனுப்பு, அகராதியில் ப்டோகோஸ் பக்கத்திலேயே இருக்கும்.

அப்பா