பேத்தி பிறந்த செய்திக்குப் பதில்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூன்றாவதும் பேத்தி என்று அறிந்து மகிழ்ந்தேன். ஆனால் அடுத்த வரியிலேயே 'வம்சம் என்னோடு நின்றுவிடும் போலிருக்கிறது' என்று புலம்பியிருக்கிறாயே! கண் அறுவைக்குப் பிறகு நான் முதலில் படித்ததே பெண்களால் நிலைத்த ஒரு வம்சத்தின் கதைதான்.

பிரான்சின் மேற்கே கடலுக்குள் நீண்டு கிடக்கும் பிரிட்டனியை ஆண்ட மூன்றாம் கோனன், 1148இல் சாகும் தறுவாயில், ஓயல் தன் மகனே அல்ல என்று சொல்லிவிட்டான். உரிமை மகள் பெர்த்தாவுக்குப் போயிற்று. அவள் மகன் நான்காம் கோனன், தாயின் இரண்டாம் கணவனோடு மோதி 1156இல் நாட்டைப் பிடித்தான். பிடித்தென்ன? பத்தே ஆண்டில் இங்கிலாந்து மன்னன் இரண்டாம் ஹென்றி அவனைப் பதவியிலிருந்து இறக்கி, அவன் மகள் கான்ஸ்டன்ஸைத் தன் மகன் ஜெஃப்ரிக்கு நிச்சயம் செய்துகொண்டான். பெண்ணுக்கு அப்போது ஐந்து வயது இருக்கும். சீதனம் ஒரு நாடு!

எனக்கு மிகவும் பிடித்தவள் இந்தக் கான்ஸ்டன்ஸ்தான். 1186இல் ஜெஃப்ரி பாரிஸில் இறந்தபோது அவள் கர்ப்பிணி. மறு ஆண்டு மார்ச்சில் நாந்த் நகரில் ஆர்தர் பிறந்தான். ஹென்றி விடவில்லை; செஸ்டர் பிரபுவுக்கு அவளை மறுமணம் செய்துவைத்தான். அந்த மணம் ஒட்டவே இல்லை. 1196இல் அந்தக் கணவனே அவளைச் சிறைபிடித்தான் என்றால் பார்த்துக்கொள். பிறகு அவனை உதறிவிட்டு 1199இல் மூன்றாவதாக ஒருவனை மணந்தாள். 1201இல் இறந்தும் போனாள்.

ஆர்தர் பதினைந்து வயதில் சொந்தப் பாட்டி இருந்த கோட்டையையே முற்றுகையிட்டான். அப்போது இங்கிலாந்து மன்னனாக இருந்த சித்தப்பன் ஜான் வந்து அவனைப் பிடித்தான். 1203க்குப் பிறகு பையனைக் கண்டவர் இல்லை. ஆண் வாரிசின் கதை அவ்வளவுதான். மூன்றாம் மணத்தில் பிறந்த மகள் அலிக்ஸின் வழியில்தான் அதன்பின் பிரிட்டனியின் பிரபுக்கள் வந்தார்கள்.

இதில் மனத்தை அறுப்பவள் ஆர்தரின் அக்காள் எலினோர். அவளை மணப்பவன் இங்கிலாந்து அரியணையையே கேட்கக்கூடும் என்ற அச்சத்தில், மணம் முடிக்காமலே காவலில் வைத்தார்கள். 1241இல் சாகும்வரை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள். தம்பிக்காவது சாவு சீக்கிரம் வந்தது.

கண் இப்போது தெளிவாகத் தெரிகிறது. மூட்டுவலிதான் விடமாட்டேன் என்கிறது. தை பிறந்ததும் குழந்தையைப் பார்க்க வருகிறேன். பெயர் வைத்தாயிற்றா? எழுது.

உன் பழைய நண்பன்