அங்கன்வாடிக் கல்வியை முடிவு செய்யும் கூட்டங்களில் பெற்றோருக்கும் பணியாளருக்கும் இடம் கோரி மனு

அனுப்புநர்
அங்கன்வாடி மையக் குழந்தைகளின் பெற்றோர்கள்
(பெயர், முகவரி, கையொப்பம் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள்,
சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகளின் முன்பருவக் கல்வி – ஆலோசனைக் கூட்டங்களில் பங்கேற்கும் அமைப்புகளின் விவரங்களை வெளியிடுதல் – பெற்றோருக்கும் அங்கன்வாடி பணியாளர்களுக்கும் இடமளித்தல் – கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அரசுச் செயலாளர் அவர்களுக்கு, வணக்கம்.

நாங்கள் கட்டட வேலை, தையல், வீட்டு வேலை, நூறு நாள் வேலை என்று போகிறவர்கள். எங்கள் பிள்ளைகள் அங்கன்வாடிக்குப் போகிறார்கள். கட்டடம் ஒழுகுகிறது, கழிப்பறைக்குக் கதவு இல்லை என்றெல்லாம் எழுதினால் அது வேறு மனு. அதைத் திட்ட அலுவலரிடம் கொடுத்துக்கொள்கிறோம். இது தங்களிடம்தான் கொடுக்க முடிகிற மனு. எங்கள் பிள்ளைகளுக்கு என்ன சொல்லித்தருவது, யார் சொல்லித்தருவது, எத்தனை மணி நேரம் என்பதையெல்லாம் பேசி முடிக்கும் இடத்தில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது பற்றியது.

ஆறு வயதான பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் சட்டப்படியான உரிமை. அரசியலமைப்பில் 21-ஏ பிரிவு இருக்கிறது, 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இருக்கிறது. கிடைக்கவில்லை என்றால் கோர்ட்டுக்குப் போகலாம். ஆறுக்குக் கீழே அந்தப் பிடிமானம் கிடையாது. 2002-இல் நிறைவேறிய 86-ஆவது திருத்தம், ஆறு வயது வரையிலான குழந்தைகளின் பராமரிப்புக்கும் கல்விக்கும் அரசு முயற்சி எடுக்க வேண்டும் என்று 45-ஆவது பிரிவில் சொல்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, இலவச முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்பதோடு நின்றுவிடுகிறது. ஆக, எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைப்பதெல்லாம் ஓர் அரசாணையில் வருகிறது, இன்னோர் அரசாணையில் போய்விடவும் கூடும். இப்படி ஒரு நிலைமையில் யாருடைய பேச்சு துறையின் காதில் விழுகிறதோ அவர்கள் சொன்னதுதான் நடக்கும். அதனால்தான் இந்தத் துறையைச் சுற்றி இத்தனை அமைப்புகள்.

அமைப்புகள் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். 1972-இல் மீனா சுவாமிநாதன் தலைமையிலான ஆய்வுக் குழு, பள்ளி செல்லும் வயதுக்கு முந்தைய குழந்தைகளைப் பற்றி அறிக்கை கொடுத்தது. 1975 அக்டோபர் 2-ஆம் தேதி நாடு முழுக்க 33 வட்டாரங்களில் மட்டும் தொடங்கிய, அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம், தானாக நடந்து எங்கள் தெருவுக்கு வந்துவிடவில்லை. 2001-இல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த உணவு உரிமை வழக்கில்தான் அங்கன்வாடி எல்லாக் குழந்தைகளுக்கும் என்று ஆனது. ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்து அங்கன்வாடி இல்லாத குடியிருப்பு கேட்டால், மூன்று மாதத்துக்குள் மையம் திறக்க வேண்டும் என்று அதே வழக்கில் 2006 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று 2022 ஏப்ரலில் வந்த தீர்ப்பும் வருடக்கணக்கில் வழக்கு நடத்திக் கிடைத்ததுதான். யாரோ கத்தியதால் கிடைத்தவை இவை.

ஆனால் குழந்தைகளுக்காகப் பேசுகிறோம் என்று வருகிறவர்கள் எல்லாரும் ஒன்றல்ல. 2007-ஐ ஒட்டி நடந்த ஒரு சங்கதியைத் தங்கள் துறையின் மூத்த அலுவலர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பள்ளியில் சமைத்துப் போடும் மதிய உணவுக்குப் பதிலாக பிஸ்கட் பாக்கெட் கொடுக்கலாம் என்று பிஸ்கட் உற்பத்தியாளர்களின் சங்கம் எம்.பி.க்களுக்கு எழுதியது. ஊட்டச்சத்து, சுகாதாரம் என்றுதான் காரணம் சொன்னார்கள். அதை வாங்கி 29 எம்.பி.க்கள் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சருக்குப் பரிந்துரை அனுப்பினார்கள். அன்றைய அமைச்சர் அர்ஜுன் சிங் மாநிலங்களைக் கேட்டார், மாநிலங்கள் வேண்டாம் என்றன, விஷயம் முடிந்தது. இந்தக் கடிதங்கள் வெளியே வந்ததால் எங்களுக்கே இது தெரிகிறது. வெளியே வராத கடிதங்கள் எத்தனையோ! அங்கன்வாடி உணவு சப்ளையில் கான்ட்ராக்டர்களை விடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2004 அக்டோபரிலேயே சொல்ல வேண்டி வந்தது சும்மா இல்லை.

உணவில் பாக்கெட் கண்ணுக்குத் தெரியும். கல்வியில் அது தெரியாது. ஓர் அறக்கட்டளை இலவசமாகப் பயிற்சி தருகிறது, அதே அறக்கட்டளையின் பணித்தாள்தான் பிறகு எல்லா மையத்துக்கும் போகிறது, அது நன்றாக வேலை செய்ததா என்று ஆய்வு செய்வதும் அவர்களேதான் என்றால் அதை யார் கேட்பது? அப்படி எங்கேயாவது நடக்கிறதா என்பதைத் தெரிந்துகொள்ளவே எங்களுக்கு வழி இல்லை. அதுதான் குறை.

இதைவிட எங்களுக்கு நெருக்கமான உதாரணம் 2,381 அங்கன்வாடிகளில் நடந்தது. அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த அந்த மையங்களில் 2019 ஜனவரியில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கின. உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்களை அங்கே மாற்றினார்கள். ஆசிரியர்கள் எதிர்த்தார்கள்: பெரிய வகுப்புக்குப் பயிற்சி பெற்ற எங்களை ஏன் மழலைகளிடம் அனுப்புகிறீர்கள் என்றார்கள், கோர்ட்டுக்கும் போனார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. வருடக்கணக்கில் அதே குழந்தைகளைப் பார்த்து வந்த அங்கன்வாடி பணியாளருக்கு, அப்படியானால் நான் வெறும் சோறு போடுகிறவளா என்று மனம் நொந்ததிலும் நியாயம் இருந்தது. 2022 ஜூனில் ஆசிரியர்களைத் தொடக்க வகுப்புகளுக்கே திருப்பி அனுப்பினார்கள். வகுப்புகள் நிற்கப் போகின்றன என்று செய்தி வந்தது. பல பக்கத்திலிருந்தும் எதிர்ப்பு கிளம்ப, சில நாளிலேயே வகுப்புகள் தொடரும், தற்காலிகமாக ஆட்களைப் போடுவோம் என்று அறிவிப்பு மாறியது. இந்த இழுபறி முழுவதிலும் அந்த மையங்களில் பிள்ளையைச் சேர்த்திருந்தவர்களுக்கு டிவிதான் சேதி சொன்னது. எதிர்த்த சங்கத்துக்கும் ஆதரித்த கட்சிக்கும் பேச மைக் கிடைத்தது. பிள்ளையைப் பாதி வருஷத்தில் நர்சரிப் பள்ளிக்கு மாற்றுவதா, பொறுத்துப் பார்ப்பதா என்று தவித்தவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.

தனியார் நர்சரிப் பள்ளிகளுக்கும் சங்கங்கள் உண்டு, அவற்றுக்கும் தங்கள் அறைக் கதவு திறந்தே இருக்கும் என்று நம்புகிறோம். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்கு உள்ள 25 சதவீத ஒதுக்கீடு நம் மாநிலத்தில் எல்.கே.ஜி.யிலிருந்தே தொடங்குகிறது, அந்தக் கட்டணத்தை அந்தத் தனியார் பள்ளிக்கு அரசு திருப்பித் தர வேண்டும். ஒரு கையால் அங்கன்வாடி நடத்திக்கொண்டே மறு கையால் எதிர்த்தெரு நர்சரிக்குக் கட்டணம் கட்டுகிற நிலை. வாய்ப்புக் கிடைத்தால் எங்களில் பலரும் அந்த இடத்துக்கு விண்ணப்பம் போடுவோம், அதை மறைக்கவில்லை. ஆனால் அங்கன்வாடியில் படிப்பு நன்றாக இருக்க வேண்டும் என்று அந்தச் சங்கங்கள் கேட்கும் என்று எதிர்பார்ப்பது நடக்கிற காரியம் இல்லை. அவர்கள் கருத்தைக் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. இது வியாபாரம் செய்கிறவரின் கருத்து என்று குறித்துவைத்துக் கேளுங்கள்.

சரி, எங்களைக் கூப்பிடவே இல்லையா என்றால், கூப்பிட்டார்கள். சில காலம் முன்பு ஒரு கலந்தாய்வுக் கூட்டத்துக்கு எங்களில் சிலரை வேனில் அழைத்துப் போனார்கள். குளிரூட்டிய ஹால், திரையில் முழுக்க ஆங்கிலம். எங்களைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். மடியில் இருந்த குழந்தை சிணுங்கியதும் வெளியே போய்ச் சமாதானம் செய்து வரச் சொன்னார்கள், அதனால் பாதிக் கூட்டத்தை வராந்தாவிலிருந்துதான் கேட்டோம். கேள்வி நேரம் வந்தபோது சாப்பாட்டு நேரமும் வந்துவிட்டது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, பேனர் முன்னால் போட்டோ. அப்புறம் வந்த அறிக்கையில் பெற்றோர் பிரதிநிதிகளும் பரிந்துரைகளை வரவேற்றதாக ஒரு வரி இருந்தது. எங்களில் ஒருத்தர்கூட அன்று வாய் திறக்கவில்லை.

பேச விட்டிருந்தால் என்ன சொல்லியிருப்போம்? எங்கள் மையத்தில் காலை பத்து மணிக்கு டீச்சர் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்துப் பாட்டு ஆரம்பிப்பார். 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டத்தில் அந்த மாதத்துக்கு உரிய பக்கம் திறந்தபடி இருக்கும். அந்த நேரம் பார்த்து சத்துமாவு வாங்க ஒரு கர்ப்பிணி வருவார். மத்திய அரசின் போஷன் டிராக்கர் செயலியில் அவர் முகத்தைப் பதிய வேண்டும். உள்ளே சிக்னல் வராது. வாசலுக்குக் கூட்டிப்போய், போனை உயர்த்திப் பிடித்து, கண்ணை ஒருமுறை சிமிட்டுங்கம்மா என்று சொல்லி, அது சுற்றிச் சுற்றி நின்றுபோய், மறுபடி முதலிலிருந்து. ஆயா அடுப்படியில். உள்ளே வட்டம் கலைந்து, பெரிய பிள்ளை சின்னப் பிள்ளையின் சிலேட்டைப் பிடுங்கிக்கொண்டிருக்கும். பாடத்திட்ட நிபுணர்கள் தினமும் இத்தனை மணி நேரம் கல்வி வேண்டும் என்கிறார்கள். பணியாளர் சங்கம் மதிப்பூதியத்தை உயர்த்து என்கிறது. 2018-இலிருந்து மத்திய அரசு நிர்ணயித்த தொகை 4,500 ரூபாய்தான், மேலே மாநிலம் சேர்த்துத் தருகிறது என்னும்போது அதுவும் சரியான கோரிக்கையே. செயலிக்காரர்கள் பதிவு நூறு சதவீதம் வேண்டும் என்கிறார்கள். மூன்றும் விழுவது ஒரே பெண்மணியின் தலையில். கூட்டத்தில் அவரையே உட்காரவைத்துக் கேட்டிருந்தால் பத்து நிமிடத்தில் புரிந்திருக்கும்.

எங்களிடமும் ஓர் ஆசை இருக்கிறது. மூன்று வயதிலேயே எழுத வேண்டும், நாலு இங்கிலீஷ் வார்த்தை சொல்ல வேண்டும் என்று நினைக்கிறோம். 2022-இல் வந்த அடிப்படை நிலைக்கான தேசியக் கலைத்திட்டமும் குழந்தைகள் நல அமைப்புகளும் விளையாட்டு வழியில்தான் கற்க வேண்டும், அந்த வயதில் எழுதச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்கின்றன. அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கும். ஆனால் அதை எங்களிடம் வந்து தமிழில் சொல்லுங்கள், எதிர்க்கேள்வி கேட்க விடுங்கள். உங்கள் பிள்ளைகளும் எழுதாமல்தான் வளர்ந்தார்களா என்று கேட்போம், பதில் சொல்லட்டும். பெற்றோரின் அறியாமை என்று ஒரு வரியில் தாண்டிப்போனால், நாங்கள் கடன் வாங்கி நர்சரிப் பள்ளிக்குப் போவோம், அங்கன்வாடியில் பிள்ளைகள் குறைவார்கள், அப்புறம் பிள்ளைகள் குறைவு என்று மையத்தை மூடுவார்கள்.

ஆகவே தங்களைக் கேட்டுக்கொள்வது இதுதான்.

முன்பருவக் கல்வி தொடர்பாகத் துறை அமைக்கும் எந்தக் குழுவிலும் இடம்பெறும் ஒவ்வோர் அமைப்பும், சங்கமோ அறக்கட்டளையோ தனியார் பள்ளிக் கூட்டமைப்போ, ஒரு பக்கத்தில் சில விவரங்களை எழுதிக் கொடுக்க வேண்டும்: பணம் எங்கிருந்து வருகிறது, யாருக்காகப் பேசுகிறது, அரசுக்குப் புத்தகம், பயிற்சி, செயலி, உணவு எதையாவது விற்கிறதா, பள்ளி நடத்துகிறதா. அந்தப் பக்கமும் கூட்ட நடவடிக்கைக் குறிப்பும் துறை இணையதளத்தில் தமிழில் வர வேண்டும். இது புதிதாகக் கேட்பது அல்ல. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவே, கொள்கை வகுக்கும்போது பொதுமக்களைக் கலந்தாலோசிக்கும் ஏற்பாடு என்ன, என்னென்ன குழுக்கள், அவற்றின் நடவடிக்கைக் குறிப்புகள் மக்களுக்குக் கிடைக்குமா என்பதை யாரும் கேட்காமலே வெளியிடச் சொல்கிறது. அமைப்புகளோடு போடும் புரிந்துணர்வு ஒப்பந்தங்களையும் அதோடு சேர்க்க வேண்டும். ஒரு திட்டத்தை நடத்துகிற அமைப்பே அதை மதிப்பீடும் செய்யக் கூடாது.

வரைவு ஆணைகளுக்கு 30 நாள் அவகாசம் வேண்டும். மசோதாக்களுக்கு மத்திய அரசு 2014-இல் வகுத்த முன்கலந்தாய்வு நடைமுறையிலேயே அந்த 30 நாள் இருக்கிறது. இணையதளத்தில் போட்டால் மட்டும் எங்களுக்குத் தெரியாது; மையத்தின் கதவில் ஒட்டச் சொல்லுங்கள். வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது, அதில் ஒன்றிலாவது அங்கன்வாடியைப் பொருளாக வைக்கலாம்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று சட்டம் இருக்கிறது. அங்கன்வாடி அளவில் கண்காணிப்புக் குழு அமைக்க 2011-இலேயே மத்திய அரசு வழிகாட்டுதல் கொடுத்தும், எங்கள் மையத்தில் அப்படி ஒன்று கூடி நாங்கள் பார்த்ததில்லை. அதற்கு உயிர் கொடுத்து, பெற்றோரே தேர்ந்தெடுக்கும் குழுவாக ஆக்கி, அந்தக் குழுக்களிலிருந்து மாநிலக் குழுவுக்கு ஆட்களை எடுக்க வேண்டும். எங்களுக்காகப் பேச யாரை அனுப்புவது என்பதை வேறு யாரும் முடிவு செய்யாமல் இருந்தால் போதும்.

பணியாளர்கள் விஷயத்தில் ஒரு சுற்றறிக்கை அவசியம். ஆலோசனைக் கூட்டத்தில் உள்ளதைச் சொன்னதற்காக மெமோ வராது என்று எழுத்தில் இருந்தால்தான் அவர்கள் பேசுவார்கள். சங்கத்தில் இருப்பவர்களைப் போலவே, எந்தச் சங்கத்திலும் இல்லாத பணியாளருக்கும் உதவியாளருக்கும் இடம் வேண்டும். மேற்பார்வையாளரை அனுப்பிவிட்டுப் பணியாளர் தரப்பு வந்தது என்று கணக்கு எழுதக் கூடாது.

மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்காகவும், செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் பெற்றோருடன் ஊர் ஊராகப் போகும் பிள்ளைகளுக்காகவும், மாற்றுத்திறன் குழந்தைகளுக்காகவும் அங்கே வந்து பேச பலமான சங்கம் எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. குழுவில் இவர்கள் சார்பாக யார் என்று பெயர் போட்டு ஒருவருக்குப் பொறுப்புக் கொடுக்க வேண்டும்.

அடுத்த ஆலோசனைக் கூட்டத்தை வேலை நாளில் காலை பத்தரைக்கு வைத்தால் எங்களில் பாதிப் பேர் வர முடியாது. ஒரு நாள் கூலி போய்விடும். ஞாயிற்றுக்கிழமை வைத்தாலோ, கூலியும் பஸ் கட்டணமும் ஈடுகட்டினாலோ வருகிறோம். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து அறையில் ஒரு பாயும் ஓர் ஆயாவும் இருந்தால், இந்த முறை வராந்தாவில் நிற்காமல் உள்ளேயே உட்கார்ந்து பேசுவோம். இந்த மனு மீது எடுத்த நடவடிக்கையை 30 நாளுக்குள் எழுத்துமூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
அங்கன்வாடி மையப் பெற்றோர்கள்

இணைப்பு: கையொப்பத் தாள்கள்

நகல்: இயக்குநர், ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள், மாவட்ட ஆட்சியர்