பாழடைந்த பாலம் அல்ல, ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த ஃபினாலே லிகுரே பயணக் கட்டுரைக்கு முதலில் என் நன்றி. இத்தாலி என்றாலே ரோம், வெனிஸ், அப்புறம் பீசா கோபுரத்தைக் கையால் தாங்கிப் பிடிப்பதுபோல் ஒரு படம் என்று வந்துகொண்டிருந்த இடத்தில், லிகுரியக் கடற்கரையின் ஒரு சிற்றூருக்கும் அதன் மலைச்சைக்கிள் பாதைகளுக்கும் ஆறு பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். தாளும் அச்சும் அருமை. கட்டுரையாளருக்கு நல்ல கண். இதுவரை பாராட்டு. இனி வருவதையும் தயவுசெய்து படியுங்கள்.

நான்காம் பக்கத்தில், வால் போஞ்சி பள்ளத்தாக்கில் பாழடைந்த ரோமானியப் பாலம் ஒன்றைத் தாண்டியதும் 'உண்மையான பாதை' தொடங்குகிறது என்று எழுதியிருக்கிறார். அந்த வரியோடு நின்றுவிட்டேன். கையிலிருந்த காப்பி ஆறிப்போனது. என்ன ஆச்சு என்று கேட்ட மனைவியிடம் சொன்னேன். "எந்தப் பாலம்? போன ஞாயிறு அதன் மேல் உட்கார்ந்துதானே தயிர்சாதம் சாப்பிட்டோம்?" என்றாள். நாங்கள் இருவர், எங்கள் இரண்டு சைக்கிள்கள், எதிரே நாயோடு வந்த ஒரு ஜெர்மன் குடும்பம், அத்தனை பேரையும் தாங்கியது அந்தப் பாழடைந்த பாலம்.

நீங்கள் அறியாததல்ல. அந்தப் பாலம் இருப்பது, கி.மு. 13இல் ரோமப் பேரரசர் அகஸ்டஸ் போட்ட ஜூலியா அகஸ்டா சாலையில். பியாச்சென்சாவில் தொடங்கி, இன்றைய நீஸ் நகருக்குப் பக்கத்தில் ஓடும் வார் ஆறுவரை போனது. நோலியை ஒட்டிய கடலோரம் செங்குத்துப் பாறை என்பதால், அங்கே மட்டும் சாலையை மலைக்குள் திருப்பிவிட்டார்கள். அப்படித் திரும்பிய இடம்தான் வால் போஞ்சி. 'போஞ்சி' என்பது பாலங்களைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள், பெயரிலேயே பாலம் இருக்கிறது. ஐந்து பாலங்கள். அவற்றில் நன்றாக நிலைத்து நிற்பது போன்தே தெல்லே ஃபாத்தே, அதாவது தேவதைகளின் பாலம். 2ஆம் நூற்றாண்டில், பேரரசர் ஹேட்ரியன் காலத்தில் சாலையைப் புதுப்பித்தபோது கட்டியது என்கிறார்கள். அதற்கு மேலே இருக்கும் தேவதைகளின் குகையில் நியாண்டர்தால் மனிதர்களின் எலும்புகளே கிடைத்திருக்கின்றன. ஆக, கட்டுரையாளருக்கு முன்பே அந்தப் பள்ளத்தாக்கில் சிலர் நடமாடியிருக்கிறார்கள். பாலத்தைத் தாண்டினால் உண்மையான பாதை என்றால், பாலத்துக்கு இந்தப் பக்கம் வந்ததெல்லாம் என்ன?

ஃபினாலே கல்லில் கட்டியது அது. லேசான ரோஜா நிறச் சுண்ணாம்புக்கல். சின்னச் சின்னதாகச் சதுரித்து வரிசை பிசகாமல் அடுக்கியிருப்பார்கள். மாலையில் கை வைத்தால் தோசைக்கல்லை இறக்கிக் கொஞ்ச நேரம் ஆனதுபோல் ஒரு சூடு இருக்கும். குனிந்து பார்த்தால் கல்லுக்குள்ளேயே சிப்பி தெரியும், ஒரு காலத்தில் கடலடியில் கிடந்த கல் அல்லவா. நல்ல கண் உள்ளவர் இதையெல்லாம் பார்த்திருப்பார். குனிந்திருந்தால்.

இப்படி எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் உங்கள் இதழில் வெரோனா அரங்கத்தின் படத்தைப் போட்டுக் கீழே 'கொலோசியம்' என்று அச்சிட்டீர்கள். பணிவாக ஒரு கடிதம் எழுதினேன். உங்களுக்கு நினைவிருக்கும். அடுத்த இதழில் என் கடிதம் வரத்தான் செய்தது, நான்கே வரியில். அட்டைப்படம் அழகு என்று நான் எழுதியது இருந்தது, வெரோனா இல்லை. ஊரிலிருந்து அண்ணன் கூப்பிட்டு, "உன் பெயர் வந்திருக்குடா" என்று சந்தோஷப்பட்டார். அவரிடம் என்னவென்று விளக்குவது?

சரி, அது போகட்டும். இந்தக் கட்டுரையில் எண்டுரோ என்னும் மலைச்சைக்கிள் பந்தயத்தை 'மலையிலிருந்து கண்மண் தெரியாமல் இறங்கும் போட்டி' என்கிறார். எண்டுரோவில் இறக்கங்களுக்குத்தான் நேரக் கணக்கு, வாஸ்தவம். ஆனால் ஒரு இறக்கத்திலிருந்து அடுத்ததற்கு அவரவர் காலால் மிதித்துத்தான் பெரும்பாலும் ஏறியாக வேண்டும். 2013இல் உலக எண்டுரோ தொடர் முதன்முதலாக நடந்தபோது கடைசிச் சுற்று இதே ஃபினாலேயில்தான். அந்தச் சுற்றில் ஃபாபியன் பாரெல் வென்றார். கண்மண் தெரியாமல் இறங்குபவர் அந்தப் பாறைகளில் முதல் வளைவைத் தாண்டமாட்டார். 'மலையேறிய களைப்பு' பற்றி அரைப் பத்தி வேறு எழுதியிருக்கிறார். அவர் போட்ட படத்திலேயே, பின்னால், சைக்கிள்கள் அடுக்கிய இழுவண்டியோடு ஒரு வேன் நிற்கிறது. சுமார் 1000 மீட்டர் உயரத்தில் இருக்கும் பழைய நேட்டோ தளம்வரை வேன் கொண்டுபோய் விடும், கட்டணத்துக்கு. நானும் போயிருக்கிறேன். களைத்ததாக எழுதியதில்லை.

எனக்கு உண்மையில் பொறுக்காதது ஐந்தாம் பக்கத்துப் படம். பின்பிரேக்கை இறுக்கிப் பிடித்து, சக்கரம் உருளாமல் இழுபட, வளைவில் புழுதி கிளப்புகிறார் ஒருவர். 'சாகசத்தின் உச்சம்' என்று கீழே எழுத்து. அப்படி இழுபடும் சக்கரம் மண்ணைச் சீவிக்கொண்டு போகும். அந்தச் சால்தான் இலையுதிர்கால மழையில் வாய்க்கால் ஆகும். லிகுரிய மழை எப்படிப் பெய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. ஜெனோவாவில் ஒரு கப்பல் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஆண்டில் நானும் இதே சாகசத்தைச் செய்தேன். பின்சக்கரம் சறுக்கி, ஒற்றையடிப் பாதையோரம் இருந்த ஆலிவ் தோட்டத்துச் சுவரில் மோதினேன். சாந்து பூசாமல் வெறும் கல்லை அடுக்கிய சுவர். ஏழெட்டுக் கல் உருண்டது. முழங்கை கிழிந்தது. தோட்டத்துப் பெரியவர் வந்தார். திட்டுவார் என்று பார்த்தேன். கையைக் கழுவத் தண்ணீர் கொடுத்தார், அப்புறம் கல்லைக் காட்டினார்.

நான் வைத்த முதல் கல்லை எடுத்துவிட்டார். இரண்டாவதையும். ஒரு கல் கீழே உள்ள இரண்டு கல்லின் மேல் உட்கார வேண்டும் என்று விரலால் தட்டிக் காட்டினார். பெரிய கல் அடியில், பின்பக்கம் பொடிக்கல். சுவர் கொஞ்சம் மலைப்பக்கம் சாய்ந்து நிற்க வேண்டும். அப்படி இருந்தால்தான் மழைத்தண்ணீர் இடுக்கு வழியாக வடியும், சுவரைத் தள்ளாது. ஏழெட்டுக் கல்லுக்கு இரண்டு மணி நேரம். கடைசியில் அவர் காலால் ஓர் உதை விட்டுப் பார்த்தார். நின்றது. ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

இந்தக் கல்லடுக்கும் கலையை யுனெஸ்கோ 2018இல் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இத்தாலியோடு சேர்த்து எட்டு நாடுகள் கேட்டு வாங்கியது. உங்கள் கட்டுரையில் இந்தச் சுவர்கள் 'ஆங்காங்கே சரிந்து கிடக்கும் கற்குவியல்கள்'. சரிந்து கிடப்பதில் பாதி, ஐந்தாம் பக்கத்து ஆசாமி போன்றவர்கள் போய்வந்த பிறகு சரிந்தது. அந்தப் பாதைகள் எல்லாம் சைக்கிளுக்காக வெட்டியவை என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. கணிசமானவை கோவேறு கழுதையும் ஆலிவ் மூட்டையும் போன வழிகள்.

இன்னொன்றைக் கோபத்தில் விட்டுவிடப் பார்த்தேன். ஃபினாலேயின் பழைய நகர்ப்பகுதியான ஃபினால்போர்கோவில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒரு பக்கம் கொடுத்தவர், அதே ஊரில் சாந்தா காத்தரீனா மடத்துக்குள் இருக்கும் தொல்பொருள் அருங்காட்சியகத்தை எட்டிப் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்து அரேனே காந்திதே குகையில் 1942இல் தோண்டி எடுத்த பழங்கற்கால இளைஞன், தலையில் நூற்றுக்கணக்கான சிப்பிகள் கோத்த தொப்பியோடு புதைக்கப்பட்டவன், அவனுக்கு ஒரு வரிகூடக் கிடையாது. கடலைமாவு ஃபரினாத்தாவுக்கு மூன்று படம்! எனக்கும் ஃபரினாத்தா பிடிக்கும். நம் அடைக்குத் தூரத்து உறவு மாதிரி இருக்கும். ஆனாலும் மூன்று படமா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் ஏதாவது ஒரு மூலையில், அந்தப் பாலம் பாழடையவில்லை, இன்றும் புழக்கத்தில் இருக்கிறது, அதன் பெயர் போன்தே தெல்லே ஃபாத்தே என்று இரண்டு வரி போடுங்கள். முடிந்தால், பாலத்தின் மேல் சைக்கிளை விட்டு இறங்கி நடக்கலாம் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொஞ்ச தூரம்தான்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் சந்தாதாரர்,
ஜெனோவா, இத்தாலி.

பி.கு.: இடம் போதாவிட்டால் முதல் பத்தியை வெட்டிக்கொள்ளுங்கள். பாலத்தின் பெயரை வெட்டாதீர்கள்.